ஒருத்திக்கு ஒரு அடுப்பு

1

நான் கனடாவுக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஐந்து வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட மருமகள் ஒரு கேக் வாங்கி வந்தாள். மேலே என் பெயரை எழுதியிருந்தார்கள். ஆளின் பெயரை எழுதி அதையே வெட்டித் தின்பது இங்கே மரியாதை. மெழுகுவர்த்தியை ஊது என்றார்கள். நான் வாயைக் குவித்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வெள்ளையம்மா போன் போட்டாள்.

வெள்ளையம்மா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் வீட்டுச் சாவி அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. பிள்ளைகள் மதுரை ஆனையூரில் குடியேறிவிட்டதால் ஊரில் அவள் மட்டும் தனி. முன்னெல்லாம் நாங்கள் சுவரைத் தாண்டிச் சண்டை போடுவோம். இப்போது கடலைத் தாண்டிப் போடுகிறோம்.

"ஏய் செல்லாயி, இருக்கியா போயிட்டியா?"

"இருக்கேன்டி. கேக்கு வெட்டப் போறோம். ஒனக்கென்ன கேடு?"

"நல்லா வெட்டித் தின்னுக்க. இந்த வருசம் ஒன் வீட்டுக்கு மீனு கெடையாதாம்."

நான் ஊதவே வேண்டியிருக்கவில்லை. விட்ட மூச்சிலேயே மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, ஒரு பெரிய கண்மாயின் கரையில் இருக்கிறது. பங்குனியில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் மீன் பிடிப்போம். ஊர்த்தலைவர் அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால் ஊரே இறங்கும். அவரவர் பிடித்தது அவரவருக்கு. ஆனால் துண்டு வீசுவதற்கு முன்னால் ஒரே ஒரு வலை போடுவார்கள். அதன் பெயர் முதல் வலை. அந்த மீன் பொது. வீட்டுக்கு ஒரு பங்கு.

எது வீடு என்பதில்தான் எங்கள் ஊர் கொஞ்சம் விசித்திரம். ரேஷன் கார்டு, வீட்டு வரி எதுவும் செல்லாது. அன்றைக்கு விடியும்போது எந்தக் கூரையில் புகை தெரிகிறதோ அதுதான் வீடு. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு காலை மட்டும் விறகடுப்பை மூட்டி, புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மீனுக்கு முன்னாலேயே குழம்பு தயாராகிற ஊர் அது. அம்பலகாரர் கூடையோடு வருவார். புகை இல்லாத வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். அதற்குப் பெயர் தாண்டின வீடு. பெண் பார்க்க வந்தவர்கள், "அது தாண்டின வீடாமே" என்று காபி குடிக்காமல் எழுந்து போன கதையெல்லாம் உண்டு.

என் வீட்டுக்காரர் இறந்த வருடம்கூட நான் அழுத கண்ணோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து பங்கு வாங்கியவள். புகைக்கு அழுகிறேனா அவருக்கு அழுகிறேனா என்று யாருக்கும் தெரியவில்லை. வசதியாகப் போயிற்று. அப்பேர்ப்பட்ட வீட்டை, நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது, கூடை தாண்டிப் போவதா?

"இத்தனை வருசம் குடுத்தாகளேடி?" என்றேன்.

"குடுத்தாக. 'மதினி ஊருக்குப் போயிருக்காக, வந்துருவாக'ன்னு ஒன் கொழுந்தன் அம்பலகாரரு எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாரு."

"அந்த மீனை நீ என்ன பண்ணுன?"

வெள்ளையம்மாவுக்குத் திடீரென்று சிக்னல் கிடைக்கவில்லை.

2

இந்த ஊரிலும் ஒரு ஏரி இருக்கிறது. மகன் முத்து இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஏரி. திறக்கத்தான் விடமாட்டார்கள், குளிர்.

வந்த முதல் மாசியில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் ஒரு கார் நின்றது. ஐயோ, குடித்துவிட்டு எவனோ ஏரியில் காரை விட்டுவிட்டான் என்று கத்தினேன். பேத்தி நிலா ஓடி வந்து பார்த்து, தரையில் உருண்டு சிரித்தாள். ஏரி கல்லாக உறைந்திருக்கிறதாம். அதன் மேல் காரை ஓட்டிப் போய், துளை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்களாம். பக்கத்து வீட்டு ராபட் கிழவர் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வீட்டில் அவர் மனைவியையும் பார்த்திருக்கிறேன். அவர் ஏன் ஏரிக்குப் போகிறார் என்று எனக்குப் புரிகிறது.

அந்த ஏரியிலும் சும்மா பிடிக்க முடியாது. தூண்டில் போட அரசாங்கச் சீட்டு வேண்டும். இன்ன மீனை இன்ன மாதத்தில் பிடிக்கலாம், இன்ன நீளம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. மீன் எப்படிப் படித்துத் தெரிந்துகொள்கிறதோ. ஒருநாள் நிலாவை ராபட் கூட்டிப்போனார். கை நீள மீன் ஒன்றைப் பிடித்து, முத்தம் கொடுத்து, போட்டோ எடுத்து, திரும்ப ஏரிக்குள் விட்டுவிட்டு வந்தாள்.

"ஏத்தா, விட்டுட்டா வந்த?"

"பாவம் அப்பத்தா. பிடிச்சிட்டு ரிலீஸ் பண்ணணும்."

"அதுக்குப் பிடிக்காமலே வந்திருக்கலாமே. அதுக்கும் வாய் புண்ணாகாது, ஒனக்கும் கை வெறைக்காது."

"யூ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்" என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயது. என் தமிழில் பாதியைத் தின்றுவிட்டு மீதிக்குத் தலையாட்டுகிறாள். அவள் கேட்காமல் விட்டதையெல்லாம் நான் ஊருக்குப் போன் போட்டுப் பேசிக்கொள்கிறேன்.

ஊர்ச் செய்தி எனக்கு வராத நாள் கிடையாது. கீழத்தெரு சின்னாத்தா பேரன் விளாங்குடியில் மாடி வீடு கட்டி, வாசலுக்கு ஆளுயரக் கதவு போட்டிருக்கிறான். சொந்தக்காரர்கள் உள்ளே வராமல் இருக்க அது போதும் என்கிறாள் வெள்ளையம்மா. மடைக்குப் பக்கத்திலிருந்த ஆலமரத்தில் இப்போது பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். அதில் குடியிருந்த பேய் பயந்து இடம் மாறிவிட்டதாம். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் ஆனையூர், விளாங்குடி என்று மதுரைக்குள் போய்விட்டார்கள்.

வினையே அங்கேதான். "செல்லாயிக்கு மட்டும் பூட்டின வீட்டுக்குப் பங்கு குடுக்குறீகளே, எங்களுக்கும் குடுங்க" என்று மதுரைக்குப் போனவர்கள் வரிசையாகப் போன் போட்டிருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்துவிட்டது. இனிச் சாக்குப் போக்குக் கிடையாது. புகை இருந்தால் மீன், இல்லையென்றால் தாண்டு.

3

அம்பலகாரருக்குப் போன் போட்டேன். அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். பெரிய மீசை, அதற்குள்தான் மனிதர் இருப்பார். ஊருக்கே அவர் அம்பலம், எனக்கு மட்டும் ஓணான்; நான் வைத்த பட்டப்பெயர்.

"என்ன கொழுந்தனாரே, மதினிய ஊரவிட்டுத் தள்ளி வச்சிட்டீகளாமே?"

"ஆத்தாடி, நாந் தள்ளுவனா? நீங்களா ஏரோப்ளான்ல ஏறிப் போயிட்டு என்னைய வைறீக."

"எங்க வீட்டப் பாத்து நடக்குறப்ப கால் கூசலையா ஒங்களுக்கு? அந்த வாசல்ல எம்புட்டுக் கூழு குடிச்சிருக்கீக."

"அதுல உப்பு இருக்காது மதினி."

"அதனாலதான் ஒங்களுக்கு நன்றி இல்ல."

மீசைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு குரலை இறக்கினார். "நானென்ன பண்ண? ஒங்களுக்குன்னு விட்டா அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க. கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. அடுப்பு எரியணும், அடுப்பு முன்னால ஒரு பொம்பள உக்காந்திருக்கணும். ஒருத்திக்கு ஒரு அடுப்பு. ஒருத்தியே அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி ரெண்டு வீட்டுல பத்த வைக்கிற சோலி ஆகாது."

"அந்தப் பொம்பள நானாத்தான் இருக்கணுமோ?"

"எவளா இருந்தா என்ன? ஆனா தன் வீட்டத் தாண்ட விட்டுட்டு எவ வந்து ஒங்க அடுப்புல ஊதுவா, சொல்லுங்க."

அதுதான் மடக்கு. அன்றைக்கு ஊரில் எந்தப் பெண்ணும் தன் அடுப்பைவிட்டு நகரமாட்டாள். வெள்ளையம்மாவின் மகளை ஆனையூரிலிருந்து வரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மீன் பிடிக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை; அன்றைக்கு அவளுக்குக் கடையில் வேலை, லீவு தரமாட்டார்களாம். வெள்ளையம்மாவிடம் அம்பலகாரர் சொன்னதையெல்லாம் சொன்னேன்; வந்து ஊது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டைக் கூடை தாண்டியதில்லை. அதைப் பேச்சுக்குப் பேச்சு என்னிடமே சொல்லிக் காட்டுவாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மறுபடி அம்பலகாரருக்குப் போன் போட்டேன்.

"கொழுந்தனாரே, நான் இங்கன அடுப்பு மூட்டி உக்காருறேன். வீடியோவுல பாத்துக்கங்க. பொம்பளையும் நாந்தேன், அடுப்பும் எந்துதேன். என்ன சொல்றீக?"

அம்பலகாரர் வெகுநேரம் இருமினார். அவர் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"பத்த வைங்க, பாப்போம்" என்றார்.

4

அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இங்கே சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரம். முத்து வேலையில் இருந்தான். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் இல்லாத நேரமாகத்தான் அம்பலகாரர் நாள் குறித்திருந்தார், புண்ணியவான்.

தோட்டத்தில் பனியை ஒதுக்கி மூன்று செங்கல் வைத்தேன். முத்து கணப்புக்கு வாங்கி வைத்திருந்த விறகை எடுத்தேன். பனியில் நனைந்த விறகு. பற்றவில்லை; புகைந்தது. எனக்கு வேண்டியதும் அதுதானே. மேலே சட்டியை ஏற்றிப் புளித்தண்ணீரை ஊற்றினேன். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, மகனின் தொப்பியை மாட்டி, முக்காலியில் உட்கார்ந்தேன். நிலாவைப் போன் பிடிக்கச் சொன்னேன். முதலில் முடியாது என்றாள். நெருப்பைப் பார்த்ததும் காதிலிருந்த பாட்டைக் கழற்றிவிட்டு வந்தாள்.

முதலில் வெள்ளையம்மாவைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம், எடுக்கவில்லை. சரி, அவள் பங்கு அவளுக்கு. புளியைக் கரைத்துக்கொண்டு வாசலில் தவம் இருப்பாள். ஆத்திர அவசரத்துக்கு ஆகாதவள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு அம்பலகாரரைக் கூப்பிட்டேன்.

கரையில் நின்றார். பின்னால் கண்மாய், செம்மண் நிறத் தண்ணீர், மீன்மேல் கவிழ்க்கிற ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கூட்டம். முதல் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கெண்டையும் கெளுத்தியும் துள்ளுவது போனிலேயே கேட்டது.

"தெரியுதா கொழுந்தனாரே?"

"புகைதான் தெரியுது மதினி. ஒங்களக் காணோம்."

"உள்ளதேன் இருக்கேன்." இருமிக்கொண்டே கையை ஆட்டினேன்.

அந்த நேரம் தெருமுனையில் ஊளைச் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு சுழல, எங்கள் ஊர்த் தேர் அளவுக்கு ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. தலைக்கவசம் போட்ட நான்கு பேர் குழாயோடு தோட்டத்துக்குள் ஓடி வந்தார்கள். தோட்டமெல்லாம் புகை சூழ்ந்ததைப் பார்த்து யாரோ தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார்கள்.

"மதினி! போலீசு வந்துருச்சா?" என்று அம்பலகாரர் கத்தினார். கண்மாய்க்கரை முழுக்க அவர் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டது.

வந்தவர்களில் பெரியவர் பனைமரம் போல் இருந்தார். முக்காலியில் கம்பளி மூட்டையாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மோந்து பார்த்தார். நெருப்பையும் புகையையும் எதிர்பார்த்து வந்தவர், புளிக்குழம்பை எதிர்பார்க்கவில்லை. வெளியில் தீ மூட்ட அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டதாக நிலா சொன்னாள். மீன் பிடிக்கச் சீட்டு, அடுப்பு மூட்டச் சீட்டு. இனி கொட்டாவி விடுவதற்கும் ஒன்று எடுத்து வைக்கவேண்டும்.

"அப்பத்தா, திஸ் உங்க வீடானு கேக்குறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து அம்பலகாரர் பேசினார். இந்த முறை கிண்டல் இல்லை, கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் குரல்.

"மதினி, புகை ஜோரா வருது. அடுப்பும் இருக்கு, பொம்பளையும் இருக்கு. எல்லாஞ் சரி. ஆனா அம்புட்டும் அங்கயில்ல இருக்கு? புகை எங்கயோ அங்கனதான வீடு? அப்ப ஒங்க வீடு கனடாவுலன்னு ஆயிப்போச்சு. பங்கையும் அந்த ஊரு கம்மாயிலதான் கேக்கணும்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்மேல் தப்பில்லை. என் வீடு ஊரில்தான் என்று காட்டுவதற்கு நானே விறகு அடுக்கி, நானே பற்ற வைத்து, என் வீடு ஊரில் இல்லை என்று ஊர் முழுக்க நிரூபித்திருந்தேன்.  

நிலா மறுபடி கேட்டாள். "அப்பத்தா, இது உங்க வீடா இல்லையா? சொல்லுங்க."

நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

தீயணைப்புக்காரர் வாளியில் பனியை அள்ளினார். நிலா குறுக்கே போய் நின்றாள். இங்கிலீஷில் படபடவென்று என்னவோ சொன்னாள். கண்மாய் என்றாள், அப்பத்தா என்றாள், மறுபடி கண்மாய் என்றாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குள் குனிந்து பார்த்தார். அம்பலகாரர் உடுப்பைக் கண்டதும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். இவரும் அடித்தார்.

சல்யூட் அடித்த கை இறங்கவில்லை. அம்பலகாரர் போனைப் பார்க்காமல் கரைக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்தார்.

"மதினி... ஒங்க வீட்டுல புகை வருது."

"தெரியுதில்ல? அதத்தான சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"அது இல்ல மதினி. இங்கன. இங்க உள்ள வீட்டுல."

போனைத் திருப்பினார். வேப்பமரம், அதற்குப் பின்னால் என் ஓட்டுக் கூரை. ஓட்டு இடுக்கிலிருந்து வெள்ளையாக, ஒழுங்காக, காய்ந்த விறகுப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. என் புகை மாதிரி இருமவைக்கிற புகை இல்லை.

"ஐயோ, வீடு தீப்பிடிச்சிருச்சு! நிலா, இவுகள அங்க போகச் சொல்லு!" என்று கத்தினேன்.

அம்பலகாரர் போனைப் பிடித்தபடியே நடந்தார். துண்டு வீசக் காத்திருந்த கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது. என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பு முன்னால் வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ இங்க என்னத்தா பண்ற?" என்றார் அம்பலகாரர்.

"பாத்தா தெரியல? அடுப்பு ஊதுறேன். எவளா இருந்தாலும் சரின்னு நீங்கதான சொன்னீக?"

"அப்ப ஒன் வீடு?"

"ஒருத்திக்கு ஒரு அடுப்புன்னும் நீங்கதான சொன்னீக?"

போன் பக்கத்துக் கூரைக்குத் திரும்பியது. வெள்ளையம்மா வீட்டு ஓடு காலை வெயிலில் சுத்தமாக இருந்தது. ஒரு துளிப் புகை இல்லை.

5

சட்டம் சட்டம்தான். அம்பலகாரர் என் வாசலில் கூடையை இறக்கிப் பங்கு வைத்தார். பக்கத்து வாசலில் ஒரு நிமிடம் நின்று, மீசையைத் தடவிவிட்டு, தாண்டிப் போனார். அதைப் போனில் நான் பார்த்தேன். நிலாவும் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கம் தீயணைப்புக்காரர் வாளிப் பனியைப் போட்டு என் அடுப்பை அணைத்து, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுத்தார். போகும்போது சட்டியில் விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். உப்புப் போதும் என்பதுபோல் தலையாட்டினார். என் கொழுந்தனுக்கு அவரைக் காட்டியிருக்கவேண்டும்.

மறுநாள் காலை ராபட் கிழவர் வாசலில் நின்றார். கையில் பச்சை நிறத்தில், வாத்து மூஞ்சியும் முழ நீளமுமாக ஒரு மீன். தீயணைப்பைக் கூப்பிட்டது அவர் மனைவிதானாம். கிழவரோ சட்டி காய்வதைப் பார்த்து, கிழவிக்கு மீன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பங்கை அந்த ஊர்க் கம்மாயில் கேளுங்கள் என்றாரே என் கொழுந்தன், நான் கேட்பதற்குள் வந்துவிட்டது. இதை ரிலீஸ் பண்ணட்டுமா என்று நிலாவைக் கேட்டேன். "நோ வே! குழம்பு வைங்க" என்றாள்.

முத்து வந்து தோட்டத்துக் கரியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அது தனிக் கதை.

மீன் வந்த அன்று சாயங்காலம் வெள்ளையம்மா தானாகவே போன் போட்டாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் வைதேன்.

"அறிவிருக்காடி ஒனக்கு? கல்யாணமாகி வந்ததுலேருந்து தாண்டாத வீடு. ஊருல என்ன பேசுவாக?"

"பேசட்டும். எம் புள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிஞ்சிருச்சு. இனி எவன் பொண்ணு பாக்க வரப்போறான், எனக்கா?"

"ஏன்டி பண்ணுன?"

"இத்தன வருசம் ஒன் மீனத் தின்னேன்ல. ருசியாத்தேன் இருந்துச்சு." பிறகு சொன்னாள், "சொவத்துக்கு அந்தப் பக்கம் புகையே இல்லாமப் போச்சுன்னா, நான் யாருகூடடி சண்ட போட?"

இந்த முறை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.  அவள் போனைத் திருப்பி என் வீட்டு அடுப்பில் வைத்த குழம்பைக் காட்டினாள். விரால் தலை ஒன்று மிதந்தது. நான் வாத்து மூஞ்சி மீனைக் காட்டினேன். இதையெல்லாம் மனுசன் தின்பானா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அடுத்த பங்குனிக்கு டிக்கெட் போட முத்துவிடம் சொல்லிவிட்டேன். நிலாவும் வருகிறாள்; அவளே கேட்டாள். மதுரை சிம்மக்கல்லில் இறங்கி நல்ல மண்சட்டியாக ஒன்று வாங்கிக்கொண்டு நேரே ஊருக்குப் போவதாகத் திட்டம். முத்துவுக்கு ஒரே சந்தோஷம். "வருசக்கணக்கா பூட்டிக் கெடந்த அடுப்புல நீயே உக்காந்து ஊதலாம்மா" என்றான்.

பாவம், அவனுக்கு அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் அடுப்பில் நான் ஏன் உட்காருகிறேன்? நான் வெள்ளையம்மா வீட்டு அடுப்பில் உட்காருவேன். அவள் என் வீட்டு அடுப்பில் உட்காருவாள். கூடையோடு வந்து வாசலில் நிற்கிறபோது எது யார் வீடு என்று ஓணான் எப்படி எண்ணுகிறது என்று பார்க்கவேண்டும்.